இசிஜி நார்மல் ஆகிவிட்டது, மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வியைச் சுருக்கி முதலில் தருகிறேன். "அம்மாவுக்கு 64 வயது, பி.பி., சுகர் இரண்டும் உண்டு. இரண்டு மாதம் முன்பு திடீரென்று படபடப்பு, மூச்சு வாங்கல். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று சொல்லி அட்மிட் செய்து ட்ரிப்ஸில் மருந்து ஏற்றினார்கள். எக்கோவில் வால்வு நன்றாக இருக்கிறது என்றார்கள். அப்புறம் அமியோடரோன் 200 மாத்திரை, முதல் வாரம் நாளுக்கு மூன்று, அடுத்த வாரம் இரண்டு, இப்போது ஒன்று. கூடவே அபிக்ஸாபான் காலையும் இரவும். போன வாரம் எடுத்த இசிஜி நார்மல். ஆனாலும் இரண்டையும் தொடரச் சொல்கிறார்கள். தைராய்டு டெஸ்ட், லிவர் டெஸ்ட் வேறு எழுதியிருக்கிறார்கள். இதயத்துக்கும் தைராய்டுக்கும் என்ன சம்பந்தம்? எல்லாவற்றையும் நிறுத்தலாமா? அம்மா காபி குடிக்கலாமா?"

மருத்துவ வார்டில் பல வருடம் இதே கேள்வியைக் கேட்டுக் கேட்டுப் பழகியவன் என்பதால் நேராகவே சொல்லிவிடுகிறேன். துடிப்பின் ரிதத்தைச் சீராக வைக்கும் அமியோடரோனை என்றைக்காவது நிறுத்தவோ வேறு மருந்துக்கு மாற்றவோ வாய்ப்பு உண்டு. அதை அம்மாவின் டாக்டரோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் அபிக்ஸாபானை, இசிஜி நார்மல் என்ற ஒரே காரணத்துக்காக நிறுத்தவே கூடாது. ஏன் என்று கேட்டால் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதயத்தின் வலது மேலறையில் சைனஸ் முடிச்சு என்று ஒன்று இருக்கிறது. ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை அதுதான் துடிப்பைக் கிளப்பிவிடுகிறது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் (இனி ஏ.எஃப். என்கிறேன்) மேலறைகள் அதன் பேச்சைக் கேட்பதில்லை. நிமிடத்துக்கு 350, 500 என்று கண்டபடி மின் அலைகள் சுற்றிக்கொண்டிருக்க, மேலறைச் சுவர் சுருங்காமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும். நல்லவேளையாக மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் ஏ.வி. முடிச்சு என்ற வாசல்காரன் இருக்கிறான். வருவதில் பாதிக்கு மேல் அவன் திருப்பி அனுப்பிவிடுவான். மீதிதான் கீழறைக்குப் போய் நாடியாகத் தெரியும். அந்த நாடியை ஒருமுறை தொட்டுப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். மழை விட்ட பிறகு ஓலைக்கூரையிலிருந்து சொட்டும் தண்ணீரைப் போல இருக்கும்: இரண்டு வேகமாக, ஒன்று தாமதமாக, அப்புறம் நான்கு சேர்ந்தாற்போல. எந்தக் கணக்கிலும் அடங்காது.

ட்ரிப்ஸும் மாத்திரையும் அந்தச் சுற்றும் அலைகளை அடக்கி, சைனஸ் முடிச்சிடம் ஆட்சியைத் திருப்பிக் கொடுத்திருக்கின்றன. இசிஜி சொல்வது அவ்வளவுதான். ஏ.எஃப். ஏன் வந்ததோ அந்தக் காரணம், அதாவது பல வருட பி.பி.யால் விரிந்து தழும்பேறிய மேலறை, அப்படியேதான் இருக்கிறது. 1995-இல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் அலெஸ்ஸி என்ற ஆய்வாளரின் குழுவினர் ஆடுகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். நல்ல ஆரோக்கியமான ஆடுகளுக்குக் கருவி பொருத்தி, மேலறையில் ஏ.எஃப். வந்து நின்ற ஒவ்வொரு முறையும் மறுபடி தூண்டிவிட்டார்கள். முதலில் சில நொடிகளில் தானாக நின்றுபோனது, ஓரிரு வாரத்தில் ஒரு நாளைத் தாண்டியும் நிற்க மறுத்தது. ஏ.எஃப். தனக்கு வேண்டிய பாதையைத் தானே போட்டுக்கொள்கிறது. அதனால்தான் ஒருமுறை நின்றதும் மாத்திரையை எடுத்துவிடாமல், மேலறைக்குக் கொஞ்ச காலம் அமைதி கிடைக்கட்டும் என்று டாக்டர்கள் காத்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். புதிதாக வந்த ஏ.எஃப். பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். 2019-இல் வெளியான ஒரு டச்சு ஆய்வில், ஏ.எஃப். தொடங்கி 36 மணி நேரத்துக்குள் வந்த, பி.பி. நிலையாக இருந்த நோயாளிகளில் ஒரு பாதிப் பேருக்கு வேகத்தைக் குறைக்கும் மருந்து மட்டும் கொடுத்துக் காத்திருந்தார்கள். 48 மணி நேரத்துக்குள் அவர்களில் 69 சதவீதம் பேருக்கு வேறு எதுவும் செய்யாமலேயே ரிதம் திரும்பிவிட்டது. "நம்ம ட்ரிப்ஸ் போட்டுத்தான் சரியாச்சு" என்று நாங்கள் மார்தட்டிக்கொள்ளும் கேஸ்களில் எத்தனை தானாகச் சரியானவையோ!

அந்த ட்ரிப்ஸைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் வார்டில் உறவினர்கள் சண்டைக்கு வரும் இடம் இது. அமியோடரோன் ஊசி மருந்தை 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில்தான் கலப்பார்கள். "சுகர் பேஷண்டுக்கு குளுக்கோஸா ஏத்துறீங்க?" என்று கேட்காத மகன் இல்லை. சலைனில் அந்த மருந்து சரியாக நிலைத்து நிற்காது என்பதுதான் காரணம், சுகரைத் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம். முதல் 150 மில்லிகிராமை 10 நிமிடத்தில் கொடுத்துவிட்டு, அடுத்த 6 மணி நேரம் நிமிடத்துக்கு 1 மில்லிகிராம், அதற்கடுத்த 18 மணி நேரம் அதில் பாதி என்று ஓடும். வேகமாக ஏற்றினால் பி.பி. விழும். கையில் உள்ள சின்ன நரம்பில் நாள் முழுக்க ஓடினால் நரம்பு கயிறு மாதிரி சிவந்து தடித்துக்கொள்ளும். அம்மாவுக்கு முழங்கைக்குக் கீழே வலி இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள், இருந்திருக்கும்.

பக்கத்து பெட் நோயாளிக்கு ஒரே ஊசியில் பத்து நொடியில் சரியானதைப் பார்த்திருப்பீர்கள். அது அடினோசின், அவருக்கு இருந்தது எஸ்.வி.டி. என்ற வேறு வகைப் படபடப்பு. அங்கே மின்சுற்று ஏ.வி. முடிச்சின் வழியாகவே ஓடும். 6 மில்லிகிராம் அடினோசினைச் சடாரென்று செலுத்தினால் வாசல் சில நொடி மூடிக்கொள்ளும், சுற்று அறுந்துவிடும். மருந்தின் ஆயுள் பத்து நொடிகூட இல்லை, ஆனால் அந்தப் பத்து நொடியில் உயிரே போய்விட்டது போல இருந்தது என்பார்கள். எஸ்.வி.டி.க்கு ஊசிக்கு முன்பே முக்கச் சொல்லிப் பார்ப்பது வழக்கம். முக்கியவுடன் படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பிடித்தால் 43 சதவீதம் பேருக்குச் சரியாகிறது, வெறுமனே முக்கினால் 17 சதவீதம்தான் என்று 2015-இல் ஓர் ஆய்வு வந்தது. செலவே இல்லாத வைத்தியம். ஏ.எஃப்.-இல் இவை இரண்டும் எடுபடாது, சுற்று முழுக்க மேலறையிலேயே ஓடுகிறது.

இனி மாத்திரைக்கு வருவோம். ரிதம் மருந்துகளின் கதை மலேரியா மருந்தில் தொடங்குகிறது. 1912-இல் வென்கெபாக் என்ற டச்சு டாக்டரிடம் ஒரு வணிகர் வந்தார். நாடி தாறுமாறு. டாக்டர் கையை விரித்தபோது, "நாளைக் காலையில் சீரான நாடியோடு வருகிறேன், பாருங்கள்" என்று சொல்லிப் போனவர், சொன்னபடியே வந்தார். மலேரியாவுக்காகக் கொயினா சாப்பிட்டுப் பழகிய மனிதர், 1 கிராம் சாப்பிட்டால் படபடப்பு நிற்பதைத் தானே கண்டுபிடித்து வைத்திருந்தார். வென்கெபாக் இதை மறைக்காமல் எழுதிவைத்தார். 1918-இல் வால்டர் ஃப்ரே என்பவர் சிங்கோனா பட்டையில் உள்ள மருந்துகளை ஒவ்வொன்றாகச் சோதித்து, கொயினாவின் உடன்பிறப்பான குயினிடின்தான் ஏ.எஃப்.-க்கு மிகப் பொருத்தம் என்று காட்டினார். நீலகிரியில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் 1860களில் வெள்ளைக்கார அரசு நட்ட அதே சிங்கோனா மரம்தான். நடுவட்டத்தில் அரசின் கொயினா ஆலைகூட இருந்தது. மலேரியாவுக்கு என்று வளர்த்த பட்டைக்குள் இதய மருந்தும் ஒளிந்திருந்தது.

குயினிடின் பல பத்தாண்டுகள் கோலோச்சியது. சீரான ரிதம் நிலைத்தது உண்மை. ஆனால் 1990-இல் ஆறு ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது குயினிடின் எடுத்தவர்களில் 2.9 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள், எடுக்காதவர்களில் 0.8 சதவீதம். ரிதத்தைக் காப்பாற்றிவிட்டு ஆளை விட்டுவிட்டது.

இதைவிடப் பெரிய அடி ஒரு வருடம் முன்பே விழுந்திருந்தது. மாரடைப்புக்குப் பிறகு கீழறையில் கூடுதல் துடிப்புகள் அடிக்கடி வருபவர்கள் அதிகம் இறக்கிறார்கள் என்பது அப்போதே தெரியும். அப்படியானால் அந்தத் துடிப்புகளை மருந்தால் அடக்கினால் உயிர் பிழைப்பார்கள் அல்லவா? யாருக்கும் சந்தேகமே இல்லை. ஃப்ளெகைனைடு, என்கைனைடு என்ற இரண்டு மருந்துகளும் அழகாக அடக்கின. அமெரிக்காவில் அடக்கம் கண்ட நோயாளிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு பாதிக்கு மருந்து, மறுபாதிக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை என்று காஸ்ட் என்ற ஆய்வைத் தொடங்கினார்கள். சராசரியாகப் பத்து மாதம்தான் ஓடியது. 1989-இல் வந்த முடிவு: மருந்து எடுத்த 730 பேரில் 56 பேர் மரணம், வெறும் மாத்திரை எடுத்த 725 பேரில் 22 பேர். இசிஜி பார்க்க நன்றாக இருந்தவர்கள்தான் அதிகம் செத்தார்கள். எங்கள் துறையில் இதைவிடக் கசப்பான பாடம் எனக்குத் தெரியாது. உங்கள் கேள்வியில் "இசிஜி நார்மல்" என்ற வார்த்தையைப் பார்த்ததும் எனக்கு இந்த ஆய்வுதான் ஞாபகம் வந்தது.

ரிதம் மருந்து ஒவ்வொன்றும் இதய செல்லின் மின்வாசல்களில் கை வைக்கிறது. சோடியம் வாசலைப் பிடித்தால் அலையின் ஓட்டம் மெதுவாகும். பொட்டாசியம் வாசலைப் பிடித்தால் ஒவ்வொரு செல்லும் துடித்த பிறகு எடுக்கும் ஓய்வு நீளும், சுற்றிவரும் அலை அடுத்த இடத்துக்கு வரும்போது அங்கே செல்கள் இன்னும் ஓய்வில் இருக்கும், அலை செத்துவிடும். மேலறைக்கு இது நல்லது. அதே வேலையைக் கீழறையில் அளவுக்கு மீறிச் செய்தால் இசிஜியில் க்யூ.டி. என்ற இடைவெளி நீண்டு, டார்சேட் என்ற கொலைகார ரிதம் கிளம்பலாம். சரி செய்யும் மருந்தே கெடுக்கவும் செய்யும்.

இந்தக் கூட்டத்தில் அமியோடரோன் ஒரு தனிப்பிறவி. எகிப்தில் சிறுநீரகக் கல் வலிக்குக் கெல்லா என்ற செடியைக் காலம் காலமாகச் சாப்பிட்டு வந்தார்கள். 1940களில் கெய்ரோவில் ஆன்ரெப் என்ற ஆய்வாளர், அது நெஞ்சுவலிக்கும் கேட்கிறது என்று கண்டார். அதன் சாரத்தை ஒட்டி பெல்ஜியத்தில் 1960களின் தொடக்கத்தில் செய்த மருந்துதான் அமியோடரோன், அதுவும் நெஞ்சுவலிக்காக. 1970களில் அர்ஜென்டினாவின் ரோசன்பாம் என்ற டாக்டர்தான் இது ரிதத்துக்கு எவ்வளவு வலுவானது என்று உலகுக்குக் காட்டினார். வாசல்கள் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் பிடிப்பதாலோ என்னவோ, க்யூ.டி. நீண்டாலும் டார்சேட் இதில் அபூர்வம். இதயம் பலவீனமானவர்களுக்கும் மாரடைப்பு வந்தவர்களுக்கும் தைரியமாகக் கொடுக்க முடிகிற ரிதம் மருந்துகளில் இதுதான் முதல். ரிதத்தைத் தக்கவைப்பதிலும் முதலிடம்: 2000-இல் வந்த கனடா ஆய்வில் சராசரி 16 மாதத்தில் அமியோடரோன் எடுத்தவர்களில் 35 சதவீதம் பேருக்கு ஏ.எஃப். திரும்பியது, சோட்டலால் அல்லது ப்ரோபாஃபினோன் என்ற வேறு ரிதம் மருந்து எடுத்தவர்களில் 63 சதவீதம் பேருக்கு. கவனியுங்கள், ஆகச்சிறந்த மருந்துக்கே மூன்றில் ஒருவருக்குத் திரும்புகிறது. அம்மாவுக்கு ஒருநாள் படபடப்பு திரும்பினால் மருந்து தோற்றுவிட்டது என்று பதற வேண்டாம். எப்போதோ ஒருமுறை வந்து சீக்கிரம் அடங்குகிறது என்றால் அதுவே நல்ல பலன்தான்.

இப்போது தைராய்டு. அமியோடரோன் மூலக்கூறின் எடையில் சுமார் 37 சதவீதம் அயோடின். 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் ஏறக்குறைய 75 மில்லிகிராம் அயோடின் இருக்கிறது, அதில் நாளுக்கு 6 மில்லிகிராம் போல உடம்பில் கழன்று வரும். ஒரு பெரியவருக்கு ஒரு நாளைக்குத் தேவையான அயோடின் 0.15 மில்லிகிராம். அதாவது நாற்பது நாள் அயோடினை உப்பில்லாமலேயே தினமும் அம்மா சாப்பிடுகிறார். சிலருக்குத் தைராய்டு இந்த வெள்ளத்தில் சோர்ந்து படுத்துவிடும்: களைப்பு, குளிர், மலச்சிக்கல், உடல் பருமன். அதைத் தைராக்ஸின் மாத்திரை கொடுத்துச் சமாளித்துக்கொண்டே அமியோடரோனைத் தொடரலாம். வேறு சிலருக்கு எதிர்ப்பக்கம் போய்த் தைராய்டு எகிறும், அதுதான் தலைவலி. எகிறிய தைராய்டே ஏ.எஃப்.-ஐக் கிளப்பும் என்பதால், நன்றாக இருந்தவருக்குத் திடீரென்று படபடப்பும் எடைக்குறைவும் வந்தால் மருந்தின் அளவைக் கூட்டுவதற்கு முன் டி.எஸ்.எச். என்ற தைராய்டு டெஸ்ட் பார்க்க வேண்டும். டோஸைக் கூட்டிக் கூட்டிக் கடைசியில் டி.எஸ்.எச். பார்த்து விழித்த டாக்டர்களில் நானும் ஒருவன்.

லிவர் டெஸ்ட்டும் அதே வகைதான், என்சைம் மெல்ல ஏறுகிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை தைராய்டோடு சேர்த்துப் பார்ப்பார்கள். நான் அதிகம் பயப்படுவது நுரையீரலுக்கு. வரட்டு இருமல், நடந்தால் மூச்சு வாங்கல் என்று மெதுவாக வரும். சளி என்று ஒருவரும், இதயத்தில் நீர் கோத்திருக்கிறது என்று இன்னொருவரும் வைத்தியம் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், நுரையீரல் தழும்பேறிக்கொண்டே போகும். மருந்து தொடங்கும்போது ஒரு மார்பு எக்ஸ்ரே எடுத்து வைத்துக்கொள்வது அதற்குத்தான், பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க. கண்ணின் கருவிழியில் மருந்து படிவது கிட்டத்தட்ட எல்லோருக்கும் நடக்கும், ராத்திரியில் வண்டி விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது என்பார்கள், பெரும்பாலும் ஆபத்தில்லை. பார்வையே மங்கினால் விஷயம் வேறு, உடனே கண் டாக்டரிடம் போக வேண்டும். வெயிலில் தோல் எளிதில் எரியும், பல வருடம் சாப்பிட்டவர்களின் முகம் நீலமும் சாம்பலும் கலந்த நிறத்துக்குப் போகும். அம்மா மாடியில் வடகம் காயவைக்கிறவராக இருந்தால் தலையில் முந்தானையைப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

இந்த மருந்து கொழுப்பில் போய் உட்கார்ந்துகொள்கிறது. முதலில் நாளுக்கு மூன்று என்று கொடுத்ததன் காரணமும் அதுதான்: உடம்பு என்ற பெரிய தொட்டி நிரம்ப மொத்தம் 10 கிராம் போல வேண்டும், நிரம்பிய பிறகு தினம் ஒன்று போதும். நிறுத்தினாலும் தொட்டி லேசில் காலியாகாது. அளவு பாதியாகவே சராசரியாக இரண்டு மாதம் பிடிக்கும், சிலருக்கு அதைவிட அதிகம். ஒரு நாள் மாத்திரை மறந்துபோனால் ஒன்றும் குடிமுழுகாது. அதே காரணத்தால், பக்கவிளைவு வந்து நிறுத்தினால் அதுவும் மாதக்கணக்கில் மெதுவாகத்தான் அடங்கும்.

மற்ற மாத்திரைகளைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். சோட்டலாலுக்குச் சிறுநீரகம் நன்றாக இருக்க வேண்டும், தொடங்கும்போதும் டோஸைக் கூட்டும்போதும் க்யூ.டி.யை அளக்க வேண்டும். ட்ரோனெடரோன் என்பது அயோடினைக் கழற்றிவிட்ட அமியோடரோன், தைராய்டைத் தொந்தரவு செய்யாது, வலுவும் குறைவு. இதயம் மிகப் பலவீனமானவர்களுக்கும், ஏ.எஃப். நிரந்தரமாகிவிட்டவர்களுக்கும் கொடுத்துப் பார்த்த இரண்டு ஆய்வுகளிலும் இறப்பு கூடியதால் பாதியிலேயே நிறுத்தினார்கள். டிஜாக்ஸின் ரிதத்தைத் திருப்பவே திருப்பாது, வேகத்தை மட்டும் குறைக்கும். நம் ஊரில் அதை வாரத்தில் ஐந்து நாள், சனி ஞாயிறு லீவு என்று எழுதிக் கொடுக்கும் பழக்கம் உண்டு. மெட்டோப்ரோலால், டில்டியாசெம் வேலையும் ஏறக்குறைய வாசல்காரனுக்குத் துணை நிற்பதுதான்.

ஃப்ளெகைனைடு, காஸ்ட் ஆய்வில் பெயர் கெட்ட அதே மருந்து, இன்றும் நல்ல மருந்துதான், ஆளைப் பார்த்துக் கொடுத்தால். மாரடைப்பு வந்திராத, எக்கோவில் குறையில்லாத இதயத்துக்கு அது பாதுகாப்பாக வேலை செய்கிறது. வருடத்துக்கு ஓரிரு முறை மட்டும் ஏ.எஃப். வருகிறவர்களுக்குத் தினமும் மாத்திரை எதற்கு என்று, 2004-இல் இத்தாலிய டாக்டர்கள் ஒரு வழி காட்டினார்கள்: மாத்திரை சட்டைப்பையில் இருக்கட்டும், படபடப்பு வந்தால் மட்டும் ஒரே டோஸாக எடுங்கள். முதல் முறை ஆஸ்பத்திரியில் வைத்துக் கொடுத்து, ஒத்துக்கொண்டவர்களை மட்டுமே வீட்டுக்கு அனுப்பினார்கள். பத்தில் ஒன்பது முறைக்கு மேல் வீட்டிலேயே நின்றது. இதில் ஒரு பொறி இருக்கிறது. ஃப்ளெகைனைடு ஏ.எஃப்.-ஐ மெதுவாக்கி, நிமிடத்துக்கு 200 போல ஓடும் ஒழுங்கான சுற்றாக மாற்றிவிடலாம். 400-ஐத் திருப்பி அனுப்பும் வாசல்காரன் 200-ஐ அப்படியே உள்ளே விட்டுவிடுவான். கீழறை 200-இல் ஓடினால் ஆள் மயங்கி விழுவார். அதனால் அரை மணி நேரம் முன்பே மெட்டோப்ரோலால் மாதிரி ஒன்றைக் கொடுத்து வாசலை ஒருக்களித்து வைப்பது வழக்கம். இதைப் படித்துவிட்டு யாரும் தானாக முயற்சி செய்ய வேண்டாம்.

சரி, அபிக்ஸாபான். நடுங்கும் மேலறையில் இரத்தம் ஓடாமல் தேங்கும். இடது மேலறையில் காது மாதிரி ஒரு சின்னப் பை தொங்குகிறது, உறைகட்டி பெரும்பாலும் அங்கேதான் உருவாகும். அது பிய்த்துக்கொண்டு மூளைக்குப் போனால் பக்கவாதம். ரிதம் திரும்பியதும் ஆபத்து நீங்கிவிடும் என்று தோன்றும், நடப்பது தலைகீழ். ரிதம் திரும்பிய முதல் சில வாரங்களில் மேலறை மரத்துப்போய் முழுசாகச் சுருங்காது, பிறகு மெல்லச் சுருங்கத் தொடங்கும்போது உள்ளே இருந்த கட்டி வெளியே தள்ளப்படும். எனவேதான் ஏ.எஃப். தொடங்கி இரண்டு நாளைத் தாண்டிவிட்டாலோ, எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டாலோ, ரிதத்தைத் திருப்புவதற்கு முன் மூன்று வாரமாவது உறைதல் தடுப்பு மருந்து கொடுக்கிறோம், அல்லது உணவுக்குழாய் வழியாக எக்கோ எடுத்துக் கட்டி இல்லை என்று உறுதி செய்கிறோம். பின்னால் நான்கு வாரம் எல்லோருக்கும் கட்டாயம்.

அந்த நான்கு வாரத்துக்குப் பிறகும் ஏன்? எனக்கு மறக்காத ஒரு மனிதர். அறுபதைத் தாண்டிய மளிகைக்கடைக்காரர், பி.பி. உண்டு. ரிதம் சரியாகி இசிஜியும் நார்மல். ஊரில் யாரோ, "ரத்தத்தைத் தண்ணியாக்குற மாத்திரை, வெட்டுப்பட்டா நிக்காது" என்று பயமுறுத்த, அசிட்ரோமை (வார்ஃபரின் வகை உறைதல் தடுப்பு மாத்திரை) நிறுத்திவிட்டு அமியோடரோனை மட்டும் ஒழுங்காகச் சாப்பிட்டு வந்தார். ஒன்றரை மாதம் கழித்து ஒரு காலை, கல்லாவில் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தவரின் வலது கை அப்படியே விழுந்தது. ஆம்புலன்ஸில் வந்து இறங்கும்போது நாடி சீராக இருந்தது, பேச்சு வரவில்லை. நடுவில் ஏ.எஃப். வந்து போயிருக்கும், அவருக்குத் தெரிந்திருக்காது. ஏ.எஃப். வரும்போதெல்லாம் படபடக்கும் என்று யார் சொன்னது? பாதி நேரம் அது சத்தமே போடாது.

2002-இல் வந்த அஃபர்ம் என்ற அமெரிக்க ஆய்வில் 4,060 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ரிதத்தைத் திருப்ப முயன்றார்கள், மற்றக் குழுவுக்கு ஏ.எஃப்.-ஐ விட்டுவிட்டு வேகத்தை மட்டும் குறைத்தார்கள். ஐந்து வருடத்தில் ரிதம் குழுவில் 23.8 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள், வேகக் குழுவில் 21.3 சதவீதம். ரிதத்தைத் திருப்பியதால் ஆயுள் கூடவில்லை. இரண்டு குழுவிலும் பக்கவாதம் வந்தவர்களில் பெரும்பாலோர் வார்ஃபரினை நிறுத்தியவர்கள், அல்லது ஐ.என்.ஆர். (வார்ஃபரின் போதுமான அளவு வேலை செய்கிறதா என்று காட்டும் இரத்த டெஸ்ட்) 2-க்குக் கீழே இருந்தவர்கள். அம்மாவின் மாத்திரை டப்பாவில் எதற்கு முதல் மரியாதை என்று கேட்டால், என் கை அபிக்ஸாபான் பக்கம்தான் போகும். 64 வயது, பி.பி., சுகர்: பக்கவாத ஆபத்துக்கு நாங்கள் போடும் புள்ளிக் கணக்கில் இவை போதும், அவருக்கு அது தொடர்ந்து தேவை, அடுத்த வருடம் 65 ஆனதும் இன்னும் ஒரு புள்ளி கூடும். (வாதக்காய்ச்சலால் மிட்ரல் வால்வு சுருங்கியவர்களுக்கு மட்டும் கதை வேறு. 2022-இல் வந்த ஆய்வில் ரிவராக்ஸபானைவிட வார்ஃபரின் வகைதான் அவர்களைக் காப்பாற்றியது. நம் ஊரில் அப்படிப்பட்டவர்கள் நிறைய, அவர்கள் அசிட்ரோமை அபிக்ஸாபானுக்கு மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டாம்.)

அப்படியானால் ரிதம் மருந்தே எதற்கு என்று கேட்பீர்கள். முதல் காரணம் அம்மாவின் மூச்சு வாங்கல். மாடிப்படி ஏற முடிகிறதா, ராத்திரி தூக்கம் வருகிறதா என்பதெல்லாம் சின்ன விஷயமல்ல. இரண்டாவது, 2020-இல் வந்த ஈஸ்ட் என்ற ஐரோப்பிய ஆய்வு காற்றைக் கொஞ்சம் திருப்பியிருக்கிறது. ஏ.எஃப். கண்டுபிடித்து ஒரு வருடத்துக்குள் இருந்த 2,789 பேரில், ஆரம்பத்திலேயே ரிதத்தைத் திருப்பிக் காத்த குழுவில் இதய மரணம், பக்கவாதம், இதயக் கோளாறுக்கான ஆஸ்பத்திரி அட்மிஷன் ஆகியவை சேர்த்துப் பார்த்தால் குறைவாக இருந்தன: 100 பேருக்கு வருடத்துக்கு 3.9, மற்றக் குழுவில் 5.0. அந்தக் குழுவிலும் உறைதல் தடுப்பு மாத்திரையைப் பெரும்பாலோர் விடவில்லை. அம்மாவுக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, ஆகவே டாக்டர் ரிதத்துக்கு முயன்றது நியாயமே. ஆனால் அம்மா வயதில், வால்வும் இதயமும் நன்றாக இருப்பவருக்கு அமியோடரோனை வருடக்கணக்கில் ஓட்டுவதில் எனக்கு அவ்வளவு சம்மதம் இல்லை. அடுத்த முறை போகும்போது, "இது எத்தனை மாதத்துக்கு? இதய இரத்தக்குழாய் நன்றாக இருந்தால் வேறு மருந்துக்கு மாற்றலாமா? அப்ளேஷன் பொருந்துமா?" என்று கேளுங்கள். ஏ.எஃப்.-ஐக் கிளப்பும் தீப்பொறி பெரும்பாலும் நுரையீரலிலிருந்து இதயத்துக்கு வரும் சிரைகளின் வாயில் இருக்கிறது என்று 1998-இல் பிரான்ஸின் போர்தோ நகரில் கண்டுபிடித்தார்கள். அந்த வாயைச் சுற்றிச் சுட்டு வேலி போடுவதுதான் அப்ளேஷன். அதன் பிறகும் அம்மா மாதிரி ஆபத்துக் கணக்கு உள்ளவர்கள் அபிக்ஸாபானைத் தொடர வேண்டும், அதில் மாற்றமில்லை.

வீட்டில் கவனிக்க வேண்டியது, மெடிக்கல் ஷாப்பில் சொல்லி வாங்கும் மாத்திரைகள். இருமலுக்கு அசித்ரோமைசின், யூரின் எரிச்சலுக்கு சிப்ரோஃப்ளாக்ஸசின், வாந்திக்கு ஒண்டான்செட்ரான், வயிறு உப்புசத்துக்கு டாம்பெரிடோன்: நான்கும் க்யூ.டி.யை நீட்டும். வயிற்றுப்போக்கில் பொட்டாசியம் வேறு இறங்கியிருக்கும்போது அமியோடரோன் சாப்பிடுகிறவருக்கு இவற்றைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. முட்டி வலிக்கு டைக்ளோஃபெனாக் போட்டால் அபிக்ஸாபானோடு சேர்ந்து வயிற்றில் இரத்தம் கசியலாம், பாராசிட்டமால் போதும். கொலஸ்ட்ராலுக்கு சிம்வாஸ்டாடின் எடுத்தால் 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. டிஜாக்ஸின் சேர்த்தால் டிஜாக்ஸினின் டோஸைப் பாதியாக்க வேண்டும், அசிட்ரோம் எடுப்பவர் என்றால் ஐ.என்.ஆர். சில வாரங்களில் ஏறும், அடிக்கடி பார்க்க வேண்டும். பம்ளிமாஸ் பழத்துக்கும் கொஞ்ச நாள் லீவு கொடுங்கள், கிரேப்ஃப்ரூட்டைப் போல அதுவும் மருந்தை உடம்பில் தேங்கவைக்கும் வகை. பல் பிடுங்கவோ கண்புரை ஆபரேஷனுக்கோ போனால் எல்லா அட்டைகளையும் கையோடு எடுத்துப் போங்கள். அபிக்ஸாபானை எத்தனை நாள் நிறுத்துவது, நிறுத்தவே வேண்டுமா என்பதை இரண்டு டாக்டர்களும் பேசி முடிவு செய்யட்டும். மயக்கம், நாடி 50-க்குக் கீழ், கை கால் விழுதல், வாய் கோணல், கருப்பாக மலம்: இவற்றில் எது வந்தாலும் மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம்.

காபியை மறக்கவில்லை. ஒன்றிரண்டு டம்ளர் ஃபில்டர் காபியால் ஏ.எஃப். கூடுகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் எதுவும் நான் பார்த்ததில்லை. குடித்ததும் நெஞ்சு படபடக்கிறது என்று அம்மாவே சொன்னால் குறைத்துக்கொள்ளட்டும். இல்லையென்றால் காலை டம்ளரைப் பிடுங்காதீர்கள், சர்க்கரையை மட்டும் குறைத்துப் போடுங்கள்.